புழுக்காரியின் கையெழுத்து

புழுக்காரி என்று பட்டப்பெயர் வைத்தவர்கள், அதைக் கேட்டு அவள் கூனிக் குறுகிப் போவாள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். ஏமாந்து போனார்கள். "புழுக்காரி வீடு எது?" என்று யாராவது படிக்கட்டில் நின்று கேட்டால், "இதுதான், உள்ள வாங்க, என்ன வேணும்?" என்று அவளே கதவைத் திறப்பாள். இருபத்திரண்டு வருடமாகக் கால்நடை மருத்துவமனையின் லேபில் பூனைப் பீயையும் நாய்ப் பீயையும் கரைத்து, வடிகட்டி, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, "இருக்கிறது" அல்லது "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அந்த வேலையை வைத்துத்தான் மகளைப் படிக்க வைத்தாள், கல்யாணம் செய்து கொடுத்தாள். கணவன் போய்ச் சேர்ந்த பிறகு எந்தச் சொந்தக்காரர் வாசலிலும் போய் நிற்காமல் குடும்பத்தை நிமிர்த்தினாள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆரம்பத்தில் அவள் மனிதர்கள் போகிற ஆஸ்பத்திரியில்தான் ரத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். கால்நடை மருத்துவமனையில் நிரந்தர வேலை காலியானதும் இங்கே மாறினாள். குடும்பமே தலையில் அடித்துக்கொண்டது. "மனுஷ ரத்தம் பாத்துக்கிட்டு இருந்தவ, பூனைப் பீயைப் பாக்கப் போயிட்டாளே" என்று மூத்த நாத்தனார் மூன்று வீட்டுக்குக் கேட்கும்படி புலம்பினாள்.

"பூனைக்கு ஒரு நல்ல குணம் இருக்கு அண்ணி. 'எனக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் கொடுங்க'ன்னு வந்து கெஞ்சாது" என்றாள் அவள். நாத்தனார் அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

அவள் வேலை எளிது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். சுண்டைக்காயளவு கழிவு. இனிமேல் கரையாது என்கிற அளவுக்கு உப்பைக் கரைத்த தண்ணீர். இரண்டையும் கலக்கி வடிகட்டிச் சோதனைக் குழாயில் விளிம்புவரை ஊற்றி, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லால் மூடிக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். குப்பை கீழே போகும், புழுவின் முட்டைகள் மிதந்து வந்து கண்ணாடியில் ஒட்டும். சில்லை எடுத்து ஸ்லைடில் வைத்து ஓர் இடம் விடாமல் தேட வேண்டும். உருண்டைப்புழுவின் முட்டை தடித்த ஓட்டோடு கறுப்பாகக் கிடக்கும். கொக்கிப்புழுவின் முட்டை, மெல்லிய தோலுக்குள் நாலைந்து திராட்சையை அடைத்த மாதிரி இருக்கும். நாடாப்புழு இருக்கிறதா என்பதைப் பல நேரம் பூனையின் வாலைத் தூக்கினாலே சொல்லிவிடலாம். அரிசிமணி போல அதன் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வில்லங்கம் என்னவென்றால், புழு இருக்கிற பூனையிடமிருந்தும் எல்லா நாளும் முட்டை வெளியே வருவதில்லை. வேலைக்கு வந்த முதல் வருடம் ஒரு குட்டிக்கு ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு "இல்லை" என்று எழுதினாள். பத்தாம் நாள் அந்தக் குட்டி வயிறு உப்பிச் செத்து வந்தது. அறுத்துப் பார்த்தால் குடல் நிறைய நூல்கண்டாகப் புழு. அன்றைக்கு லேபுக்குப் பின்னால் குழாயடியில் நின்று அழுதாள். அதற்கப்புறம், மூன்று வெவ்வேறு நாள், மூன்று ஸ்லைடு பார்க்காமல் "இல்லை" என்ற சொல்லை அவள் பேனா எழுதியதில்லை. "ஒரு நாள் பாத்துட்டு இல்லைன்னு சொன்னா அது ரிப்போர்ட் இல்லை, ஜோசியம்" என்பாள். டாக்டர்கள் வருவார்கள், அவசரப்படுத்துவார்கள், மாற்றலாகிப் போவார்கள். அவளுடைய மூன்று நாள் மட்டும் மாறவில்லை.

இனி, சண்டை வந்த கதைக்கு வருவோம்.

தெருவில் திரியும் பூனைகளைப் பிடித்து வந்து கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடும் வேலையை மருத்துவமனை ஒரு வருடமாகச் செய்துகொண்டிருந்தது. ஆபரேஷன் முடிந்து மூன்று நாள் ஒவ்வொரு பூனையும் தனிக் கூண்டில் இருக்கும். மூன்று நாளும் அவளுக்குத் தேவையானதைத் தவறாமல் கொடுக்கும். இப்படி அறுபது பூனைகளைப் பார்த்து முடித்தாள். நாற்பத்தொன்றுக்கு ஏதோ ஒரு புழு இருந்தது. சிலதுக்கு இரண்டு வகை, ஒரு கிழட்டுக் கடுவனுக்கு மூன்று வகை. அவளுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. எலியைத் தின்று, தெள்ளுப்பூச்சியை நக்கி விழுங்கி, சாக்கடையோரம் படுத்துக் கிடக்கிற ஜீவனுக்குப் புழு இல்லாவிட்டால்தான் அதிசயம். அவள் ரிப்போர்ட் எழுதினாள். முதல் பக்கத்தில் எண்ணிக்கையும் கையெழுத்தும். இரண்டாம் பக்கத்தில், எந்தப் புழுவுக்கு என்ன மருந்து, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும் என்ற விவரம். டாக்டர் அதை மருத்துவமனை வரவேற்பில் ஒட்டினார்.

அவள் குடியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் செக்ரட்டரி, தன் நாய்க்கு ஊசி போட வந்தவர், அதைப் பார்த்தார். மூன்றாம் மாடிக்காரர், ஓய்வுபெற்ற அதிகாரி. ஓய்வு கிடைத்தது அவருக்கு, அவரிடமிருந்து ஊருக்குக் கிடைக்கவில்லை. முதல் பக்கத்தை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வரும்போது குடியிருப்பின் அறிவிப்புப் பலகை முன்னால் கூட்டம். அவள் எழுதிய எண்ணிக்கை, அவளுடைய கையெழுத்து, பெரிதாக்கி ஒட்டியிருந்தது. கீழே சிவப்பு மையில்: "உங்கள் குழந்தைகளைக் காப்பாற்றுங்கள். வரும் சனிக்கிழமை வளாகத்துப் பூனைகள் அனைத்தும் அப்புறப்படுத்தப்படும்."

வளாகத்துப் பூனைகள் என்றால் மதில் சுவருக்குப் பின்னால் இருந்த மீன் கடைகளை நம்பிப் பிழைக்கும் இருபத்தாறு பூனைகள். அவற்றைப் பிடிக்க வரும் ஆட்கள் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே குப்பைமேட்டுக்கு அப்பால் கொட்டுவார்கள். அங்கே நாய்க்கூட்டம் இருக்கிறது. முன்பு ஒரு தடவை கொண்டுபோனதில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

அடுத்தவன் பொய் சொல்லிப் பூனையைக் கொன்றால் சண்டை போடலாம். இது அவள் எழுதிய உண்மை. அவள் கையெழுத்தைக் காட்டித்தான் சாக்கு வரப்போகிறது. பையைக்கூட வீட்டில் வைக்காமல் மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.

செக்ரட்டரி கதவைத் திறந்தார். "வாங்கம்மா. உங்க ரிப்போர்ட் ரொம்பப் பிரயோஜனமா இருந்தது."

"பாதி ரிப்போர்ட்டை ஒட்டியிருக்கீங்க சார். மருந்து எழுதின பக்கம் எங்க?"

"மருந்து கொடுத்துக்கிட்டு இருக்க நாம என்ன பூனைப் பண்ணையா நடத்தறோம்? என் பேத்திக்குப் போன மாசம் வயித்துல புழு. டாக்டரே சொன்னார். கீழே பூனைங்க அசிங்கம் பண்ற அந்த மணல் குழியில விளையாடித்தான் வந்திருக்கு."

"வெள்ளையா, நூல் மாதிரி, ராத்திரியில அரிப்பு. அதுதானே?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது மனுஷப் புழு சார். மனுஷங்ககிட்ட மட்டும்தான் இருக்கும். பள்ளிக்கூடத்துல பக்கத்துல உக்காந்த பிள்ளைகிட்ட இருந்து வந்திருக்கும். பூனைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. தன் பேத்தியின் புழுவை இவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அவர் அவமானமாக எடுத்துக்கொண்டார். "அப்போ பூனைப் புழுவால குழந்தைக்கு ஒண்ணுமே ஆகாதுன்னு எழுதிக் கொடுங்க பார்க்கலாம்" என்றார்.

இந்த இடத்தில் வேறு யாராவது என்றால் "ஆகாது" என்று சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். அவளுக்கு வாய் வரவில்லை. "எழுதித் தர மாட்டேன். உருண்டைப்புழு முட்டை மண்ணுல கிடந்து முத்தி, குழந்தை வாய்க்குள்ள போனா ஆபத்துதான். அபூர்வமா கண்ணைக்கூடப் பாதிக்கும். மணல் குழிக்கு மூடி போடணும்னு நீங்க சொல்லியிருந்தா நானே முதல் ஆளா வந்திருப்பேன். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தறீங்களே, அதைத்தான் கேக்கறேன்."

"பாத்தீங்களா, ஆபத்துன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க" என்று அவர் கதவைச் சாத்தினார்.

வீட்டில் மகள் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதம். மருமகனுக்கு வெளியூரில் வேலை என்பதால் அம்மாவுடன் இருந்தாள். விஷயம் முன்பே அவள் காதுக்கு வந்திருந்தது. "எதிர்வீட்டு ஆன்ட்டி கேக்கறாங்கம்மா. மாசமா இருக்கிற பொண்ணை வெச்சுக்கிட்டு உங்கம்மா பூனைக்கு வக்காலத்து வாங்குறாளேன்னு."

"நீ என்னடி சொன்னே?"

"எங்கம்மா ஒரு நாளைக்கு நாப்பது தடவை கை கழுவறாங்க, நீங்க எத்தனை தடவைன்னு கேட்டேன். போயிட்டாங்க."

மகள் தாய்க்குத் தப்பாமல் பிறந்திருந்தாள். புழுக்காரிக்கு அந்த நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை கூட்டம் போடச் சொல்லிச் சண்டை பிடித்து வாங்கினாள். கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு நாற்பது பேர் உட்கார்ந்தார்கள். அவள் லேப் கோட்டோடு நின்றாள். முதலில் எழுந்தது எதிர்வீட்டுக்காரி. "உங்களுக்கே பயமா இல்லையா? வீட்டுல கர்ப்பிணிப் பொண்ணு இருக்காளே?"

"பயம் இருக்கு. அதனாலதான் அவ மண்ணைக் கிளறுறதில்லை, காயைக் கழுவாம வாயில வைக்கிறதில்லை, கறியை அரைவேக்காட்டுல சாப்பிடறதில்லை. இதையெல்லாம் விட்டுட்டுப் பூனையை மட்டும் துரத்தினீங்கன்னா, பூனை போயிடும், வியாதி இங்கேயே இருக்கும். பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடாதுங்க. நாமளும் கண்ணை மூடக் கூடாது. ஆமா, அறுபதுக்கு நாப்பத்தொன்னு. நான் எழுதினதுதான். அதுல ஒரு எண்ணைக்கூட நான் குறைக்க மாட்டேன். ஆனா புழு இருக்குன்னா மருந்து கொடுக்கணும்னு அர்த்தம். உங்க வீட்டுப் பிள்ளைக்குப் புழு வந்தா மாத்திரை கொடுப்பீங்களா, குப்பைமேட்டுல விடுவீங்களா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. செக்ரட்டரிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஆனால் அவர் கெட்டிக்காரர். எழுந்து நின்று நியாயவான் குரலில் சொன்னார்: "சரிம்மா. ஆறு வாரம் தர்றேன். மருந்து கொடுங்க. அப்புறம் நீங்களே சோதிச்சு ரிப்போர்ட் கொடுங்க. புழு இருக்கிற பூனை போகணும். புழு இல்லாத பூனையை யாரும் தொட மாட்டோம். சம்மதமா?"

"சம்மதம்" என்று சொல்லிவிட்டாள். இருக்கிறது, இல்லை என்று இரண்டே சொற்களில் இருபத்திரண்டு வருடம் வாழ்ந்தவளுக்கு அந்தப் பேச்சு நியாயமாகப்பட்டது. அவர் தன் கையாலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதினார். அவளும் அந்த நாற்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மதில் சுவருக்குப் பின்னால் மீன்காரி காத்திருந்தாள். இருபத்தாறு பூனைகளுக்கும் சாப்பாடு போடுவது அவள்தான். விஷயத்தைக் கேட்டதும் கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்தினாள்.

"அக்கா, உனக்கு அறிவு இருக்கா? தெருப்பூனையில எதுக்கு மொத்தமா புழு போகும்? நீ இன்னைக்கு மருந்து கொடுப்பே, அது நாளைக்கு எலியைத் திங்கும். ஒண்ணாவது மாட்டும். அதுக்குச் சாவு எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கியே!"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புழுவைப் பற்றி ஊருக்கே பாடம் எடுக்கிறவள், தன் வாயாலேயே மாட்டிக்கொண்டிருக்கிறாள். குறைக்க முடியும், ஒழிக்க முடியாது. அது அவளுக்குத் தெரியாததா? ஒவ்வொரு "இருக்கிறது"க்கும் ஒரு பூனை போகும் என்கிற கணக்குக்கு எப்படித் தலையாட்டினாள்? பலகையோரம் உட்கார்ந்தாள்.

"சரி, ஆகிப்போச்சு. இனி ஒண்ணும் மாட்டாம பாத்துக்கணும். மீனை நறுக்குடி" என்று எழுந்தாள்.

ஆறு வாரம் இருவரும் பட்ட பாடு அந்தப் பூனைகளுக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் நன்றி சொல்லியிருக்காது. மருந்து கொடுக்கும் முன் புழுக்காரி இருபத்தாறையும் சோதித்தபோது பத்தொன்பதுக்குப் புழு இருந்தது. மாத்திரையைப் பொடித்து மீன் துண்டுக்குள் வைத்தால், மீனைத் தின்றுவிட்டுப் பொடியைத் துப்பும் சாமர்த்தியசாலிகள் இருந்தன. மீன்காரி எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். எதையும் மதிக்காமல் நடுவழியில் படுக்கும் கறுப்புக்குக் கலெக்டர். எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பும் சாம்பல் நிறத்துக்கு மாமியார். மாமியாருக்கு வாயைத் திறந்து மாத்திரையைப் போட்டதில் புழுக்காரியின் முழங்கை வரை கீறல். தெள்ளுப்பூச்சிக்குப் பிடரியில் மருந்துச் சொட்டு விட்டார்கள். இரண்டு வாரம் கழித்து இரண்டாம் தடவை மாத்திரை கொடுத்தார்கள். மணல் குழியிலிருந்த பழைய மணலை அள்ளிவிட்டுப் புதுமணல் கொட்டச் சொல்லி, மூடத் தார்ப்பாய் வாங்கினார்கள். மாலை ஆறு மணியானதும் மகள் மேலிருந்து மிரட்ட, அங்கே விளையாடும் பிள்ளைகளே இழுத்து மூடினார்கள். செக்ரட்டரியின் பேத்தி ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள். செக்ரட்டரி மாடியிலிருந்து பார்த்தார்.

பிறகு சோதனை. ஒன்பது கூண்டு, ஒன்பது ஒன்பதாகப் பூனை, ஒவ்வொன்றும் மூன்று நாள். அவள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பூனையின் கழிவு என்று தெரிந்துகொண்டு ஸ்லைடைப் பார்க்க மாட்டாள். தெரிந்த முகத்துக்குக் கண் சலுகை காட்டும். அதனால் மீன்காரி சீட்டுக் குலுக்கி டப்பாக்களில் எண் ஒட்டினாள். எந்த எண் எந்தப் பூனை என்று ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தாள். எண்ணி முடித்த பிறகுதான் அந்த உறையைப் பிரிக்க வேண்டும்.

முதல் ஒன்பதில் ஒன்றுக்குப் புழு. இரண்டாவதில் இரண்டு. கடைசிக் கூண்டுகளில் முதல் நாளே ஒன்று. முன்பு பத்தொன்பதுக்கு இருந்த இடத்தில் இப்போது நாலு. டாக்டர் அவளைவிடப் பத்து வயது சின்னவர், நல்ல மனிதர், சண்டை என்றால் ஆகாது. பின்னால் வந்து நின்றார்.

"பெரிய வெற்றி அக்கா இது."

"நாலு பூனைக்குச் சாவு டாக்டர்."

கடைசி நாள், இருபத்து மூன்றாம் எண்ணின் மூன்றாவது ஸ்லைடு. முதல் இரண்டு நாளும் அதில் ஒன்றுமில்லை. கண்ணாடியின் ஓரத்தில், குமிழி ஒன்றை ஒட்டி, தடித்த ஓட்டோடு ஒரே ஒரு முட்டை கிடந்தது. அவள் கண்ணை எடுத்தாள், துடைத்தாள், மறுபடி பார்த்தாள். அது அங்கேயேதான் இருந்தது.

டாக்டரும் பார்த்தார். நிமிர்ந்தவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு முட்டைதான் அக்கா. யாருக்குத் தெரியும்? அதைவிட, மொத்தமாவே ஒரு சுழி போட்டுடுங்க. இருபத்தாறும் பிழைக்கும், உங்களுக்கும் நிம்மதி. நானும் கூடக் கையெழுத்துப் போடறேன்."

அவளுக்கு ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். பேனா கையில் இருந்தது, சுழி போட ஒரு நொடி போதும். பேனாவை மூடி வைத்தாள்.

"நான் சுழி போட்டா, அதை நம்பி ஒருத்தி தன் பிள்ளையை மூடாத மணல்ல உக்கார வைப்பா டாக்டர். இன்னும் ஒரு வருஷத்துல அந்த மணல்ல உக்காரப் போறது என் பேரப்பிள்ளையும்தான். இருக்கிறதை இல்லைன்னு நான் எழுத மாட்டேன். பூனைக்காகவும் எழுத மாட்டேன், அந்த ஆளுக்காகவும் எழுத மாட்டேன்."

"அப்போ அஞ்சும் போகுமேக்கா."

"அதையும் விட மாட்டேன்" என்றாள். எப்படி என்று அவளுக்கு அப்போது தெரியாது.

ஐந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உறையைப் பிரித்தாள். கலெக்டர் இருந்தது. மாமியார் இருந்தது. மறுநாள் காலையில் ஐந்தையும் தேடிப் பிடித்து மருந்து கொடுத்தாள். தாளைத் திருப்பி உறைக்குள் போட்டுப் பையில் வைத்தாள். அன்று மாலை கூட்டம்.

இந்தத் தடவை நாற்காலி போதாமல் நிறையப் பேர் நின்றார்கள். பிடிக்கிற ஆட்கள் இருவர் வெளிக்கதவருகே சாக்கோடு உட்கார்ந்திருந்தார்கள். செக்ரட்டரி முன்கூட்டியே வரவழைத்திருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தயக்கமும் கோபமாகிவிட்டது.

ரிப்போர்ட்டை உரக்கப் படித்தாள். "இருபத்தாறு பூனை. முன்னாடி பத்தொன்பதுக்கு இருந்தது. இப்போ அஞ்சு. இருபத்தொன்னுக்கு இல்லை."

கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள். செக்ரட்டரி கையை உயர்த்தி அடக்கினார். "நேர்மையா சொன்னதுக்கு நன்றிம்மா. தீர்மானப்படி அந்த அஞ்சு பூனையும் இப்பவே போகணும். ஆளுங்க தயார். எந்த அஞ்சுன்னு காட்டுங்க."

"காட்ட மாட்டேன்."

"என்னம்மா சொல்றீங்க?"

"எந்த அஞ்சுன்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்னு சொல்றேன்."

"பட்டியல் இருக்குமே. அதைக் கொடுங்க."

"இருக்கு." பையிலிருந்து உறையை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினாள். "தொலைஞ்சு போச்சுன்னு சொன்னா பொய்யாயிடும். பத்திரமா என்கிட்டதான் இருக்கு. தர மாட்டேன்."

"தீர்மானத்துல நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க!"

"நல்லாப் படிங்க சார். சோதிச்சு ரிப்போர்ட் கொடுக்கணும்னுதான் எழுதியிருக்கீங்க, கொடுத்துட்டேன். பிடிச்சுக் கொடுக்கணும்னு எங்க எழுதியிருக்கு? புழு இருக்குன்னு சொல்றது என் வேலை. ஆளைக் காட்டிக் கொடுக்கிறது என் வேலை இல்லை."

செக்ரட்டரி புத்தகத்தைப் புரட்டினார். அவர் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வரி அதில் இல்லை. கோபத்தில் புத்தகத்தை மூடினார். "அப்போ இருபத்தாறையும் பிடிங்கப்பா!"

ஆட்கள் எழுந்தார்கள். அவள் அவர்களுக்கும் மதிலோரம் கூடியிருந்த பூனைகளுக்கும் நடுவில் போய் நின்றாள். ஐந்தடிகூட இல்லாத உடம்பு, கீறல் விழுந்த கை. "பிடிங்க. ஆனா அதுல இருபத்தொன்னைத் தொட மாட்டோம்னு இங்க நாப்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. நீங்க தூக்குற பூனை அந்த இருபத்தொன்னுல ஒண்ணா இல்லையான்னு எப்படித் தெரியும்? என்னைக் கேக்காதீங்க. முகத்தைப் பாத்தே சொல்ற ஆள் யாராவது இருந்தா முன்னாடி வரட்டும், என் வேலையை அவங்களுக்கே கொடுத்துடறேன்."

அந்த நேரம் பார்த்து கலெக்டர் நடுவில் வந்து படுத்துக் காலைத் தூக்கி நக்க ஆரம்பித்தது. சாக்கு வைத்திருந்தவன் அதைப் பார்த்தான், செக்ரட்டரியைப் பார்த்தான். "இதுக்கு இருக்கா இல்லையா சார்?" என்று உண்மையாகவே கேட்டான்.

முதலில் சிரித்தது எதிர்வீட்டுக்காரி. அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. ஆட்கள் சாக்கை மடித்துக்கொண்டு வேறு வேலைக்குப் போனார்கள். "உங்க மேல புகார் கொடுக்கறேன், வேலை போகும்" என்றார் செக்ரட்டரி.

"கொடுங்க சார். ரெண்டு பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்க" என்றாள்.

கொடுத்தார். பத்து நாளில் மேலதிகாரியிடமிருந்து அவளிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. டாக்டர் அதை நீட்டும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மன்னிப்புக் கேட்டு, அந்தப் பட்டியலைக் கூட வெச்சு அனுப்பிடுங்கக்கா. முடிஞ்சு போயிடும். இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கு உங்களுக்கு" என்றார். அவர் சொன்னதிலும் அக்கறை இருந்தது. அவள் அதை மறுக்கவில்லை. பேனாவைத் திறந்து, லேப் மேஜையில், உப்புத் தண்ணீர் பாட்டிலை நகர்த்திவிட்டு, அங்கேயே பதில் எழுதினாள்.

"புழு இருந்த ஐந்து பூனைகளை ஏன் அடையாளம் காட்டவில்லை என்று விளக்கம் கேட்டுள்ளீர்கள். காட்டினால் அவற்றைக் கொல்வார்கள், அதனால் காட்டவில்லை. பட்டியல் என்னிடம் இருக்கிறது, தர மாட்டேன். அதிலுள்ள ஐந்துக்கும் பத்து நாளுக்கு முன்பே மருந்து கொடுத்தாகிவிட்டது. இன்று அவற்றுக்குப் புழு உண்டா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. மூன்று நாள் பார்த்துத்தான் சொல்ல முடியும். தெரியாததை எழுதிக் கையெழுத்துப் போடும் வழக்கம் எனக்கு இல்லை. மறுபரிசோதனை தேவையென்றால், கூண்டு தூக்க இரண்டு ஆள் அனுப்பவும்."